ஜோசபினின் இடது கால்

ஜோசபினுக்குக் கோபம் வந்தால் முதலில் ஆடுவது இடது கால்தான். பூசையில் நின்றுகொண்டிருந்தாலும் ஆடும், சோறு வடித்துக்கொண்டிருந்தாலும் ஆடும். 1986ஆம் வருஷத்தில் பாதி நாள் அந்தக் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. காரணம் ஒரு கிளட்ச். காருக்குக் கிளட்ச் மாற்றுவது ஊரில் நடக்காத அதிசயமா என்று கேட்பீர்கள். மாற்றியதில் கோபமில்லை. தினமும் அதை மிதிக்கிறவள் வீட்டில் ஒருத்தி இருக்க, மிதிக்காதவர்கள் கூடி உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுத்தார்களே, அதில்தான் கோபம்.

அவள் பிறந்தது மலாய் நாட்டில், புக்கிட் செலம்பாவ் ஊரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அந்தோணிதாஸ் தோட்டத்துத் துரையின் கார் டிரைவர். மகளுக்கு அவர் ஓட்டச் சொல்லித்தரவில்லை. துரையின் காரில் தொழிலாளர் லயத்துப் பெண் உட்காரக்கூடாது என்பது ஒரு பக்கம். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்பது மறுபக்கம். ஜோசபின் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, சுங்கைப் பட்டாணியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அந்தச் சம்பளத்தில் யாரையும் கேட்காமல் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு லைசென்ஸ் எதற்கு என்று லயத்தில் கேட்காத வாய் இல்லை.

அந்தப் பள்ளியில் ஒரு மேடு உண்டு. காரை மேட்டின் நடுவில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியை வைப்பார் பயிற்சிக்காரர். கார் ஓர் அங்குலம் பின்வாங்காமல் மேலே ஏற வேண்டும். ஜோசபின் நசுக்கிய தீப்பெட்டிகளை வைத்து ஒரு ஒட்டுக்கடையே திறந்திருக்கலாம். பரீட்சையில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை, 1976இல், தேறினாள். அதற்குள் அந்த இடது காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டிருந்தது. கிளட்சை எவ்வளவு விட்டால் எஞ்சினின் குரல் இறங்கும், எந்த இடத்தில் கார் லேசாக மூக்கைத் தூக்கும், அந்த இடத்தில் காரை எப்படிப் பிடித்துவைப்பது என்பதெல்லாம் அவள் யோசிக்காமலே காலுக்குத் தெரியும்.

1979இல் அவளை ஜெரார்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் வீடு புக்கிட் செலம்பாவ் கடைத்தெருவுக்குப் பின்னால். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அந்தோணிதாஸ், தன் சேமநிதியில் நகை வாங்குவதற்குப் பதிலாகப் பழைய லான்சர் கார் ஒன்றை வாங்கி மகள் பெயரிலேயே பதிந்து கொடுத்தார். ஓட்டக் கற்றுத்தராததற்கு அது பரிகாரம் என்று அவர் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் காரை வைத்து அவள் ஒரு பிழைப்பைத் தேடிக்கொண்டாள். எண்பதுகளின் தொடக்கத்தில் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரப்பர் பால் வெட்டி இனிக் காலம் தள்ள முடியாது என்று தெரிந்துகொண்ட தோட்டத்துப் பெண்கள் எலெக்ட்ரானிக் ஃபேக்டரிக்குப் போகத் தொடங்கினார்கள். பஸ்ஸோ தோட்டத்துக்குள் வராது. ஜோசபின் விடியும் நேரத்தில் லயத்து வாசலுக்கே போய் ஐந்து பெண்களை ஏற்றி ஃபேக்டரியில் இறக்குவாள். மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். பெர்மிட் இல்லாமல் ஓடும் இந்த மாதிரி வாடகைக் காரை கெரெத்தா சாப்பு என்பார்கள். போலீஸ்காரர்களுக்கும் தெரியும். பெண்கள் மட்டும் போகிற கார் என்று கண்டும் காணாமல் இருந்தார்கள்.

அந்த ஐவரில் மூத்தவள் ராக்காயி. அவள் ஏறினால் மற்றவர்கள் ஏறுவார்கள், அவள் இறங்கினால் கார் காலி. ஃபேக்டரி வேலைக்குப் பெண்டாட்டியை அனுப்புவதா என்று முறுக்கிக்கொண்டிருந்த புருஷன்மார்களைச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான். ஓட்டுகிறது நம் அந்தோணிதாஸ் மகள், அந்நிய ஆம்பளை இல்லை என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்ச் சொன்னாள். இளையவளான பாப்பம்மா காரில் ஏறியதும் கதவில் சாய்ந்து தூங்கிவிடுவாள். ஃபேக்டரி வாசலில் தட்டித்தான் எழுப்ப வேண்டும். அந்தத் தூக்கத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் ஜோசபினுக்குப் பெருமையாக இருக்கும். நாலு வருஷம் இப்படியே ஓடியது, ஒரு கீறல் இல்லை.

ஜெரார்ட் கெட்டவன் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறை ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்ப்பவன். ஆனால் நன்றாக ஓடுகிற ஒரு சாமானைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். அந்த ஆண்டிக்கு ஒரு சிஷ்யனும் வாய்த்தான். பரஞ்சோதி என்று பெயர், அதே ஃபேக்டரியில் ஸ்டோர் பார்ப்பவன். தினமும் ஜெரார்ட் வேலைக்குப் போவது அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் இருவரும் தஞ்சோங் டாவாய் சாலைக்குப் போய்விடுவார்கள். நீண்டு கிடக்கும் அந்தச் சாலையில் வாலிபர்கள் கார்களை ஓட்டிப் பந்தயம் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வந்த வியாதிதான் டர்போ. ஜப்பானில் ஓடி ஓய்ந்த கார்களை நடுவில் வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். ஹாஃப் கட் என்று பெயர். பட்டர்வொர்த்தில் அப்படி ஒரு முன்பாதியைப் பார்த்துவிட்டு வந்த ஜெரார்டுக்குச் சோறு இறங்கவில்லை. அதில் டர்போ எஞ்சின் இருந்தது. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையையே பிடித்து ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, உள்ளே கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற ஏற்பாடு அது. எல்லாம் உனக்காகத்தான், ஐந்து பேரை வைத்துக்கொண்டு மேடு ஏற எவ்வளவு சுலபம் தெரியுமா என்று ஜோசபினிடம் தேன் ஒழுகப் பேசினான். அவளும் தலையாட்டித் தொலைத்தாள். அதை நினைத்துப் பிற்பாடு அவள் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

தகரக் கொட்டகையில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த முனியாண்டி எஞ்சினை மாற்றிக் கொடுத்தான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தவன் மாதிரி, கிளட்சை மட்டும் பழையபடியே விட்டார்கள். கிளட்ச் பெரிய ரகசியமொன்றும் இல்லை. எஞ்சினோடு சுற்றும் தட்டு ஒன்று, கியர்ப் பெட்டியோடு சுற்றும் தட்டு ஒன்று. மிதியிலிருந்து காலை எடுத்தால் இரண்டும் உள்ளங்கைகளைச் சேர்த்து அழுத்தியதுபோல் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். டர்போவின் முரட்டு வேகத்துக்கு அந்தப் பழைய பிடி போதவில்லை, வழுக்கியது. எஞ்சின் கத்தும், கார் நகராது, கருகல் நாற்றம் வரும். ராக்காயி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பழைய எஞ்சினையே திரும்பப் போட்டுவிடுங்கள் என்று ஜோசபின் சொன்னதற்கு, கட்டின பெண்டாட்டியே இப்படிச் சொல்லலாமா என்று ஜெரார்ட் முகத்தைத் தொங்கப்போட்டான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் முனியாண்டியின் கொட்டகையில் கிளட்ச் மாநாடு கூடியது. ஜோசபின் காரை ஓட்டிக்கொண்டுபோய் விட்டவள், ஓரத்தில் ஒரு எண்ணெய் டின்னின்மேல் உட்கார்ந்திருந்தாள். காரில் இருந்த மாதிரியே புதிதாக ஒன்று போட்டால் அதுவும் சீக்கிரம் கருகும். ஜப்பானிலிருந்து வரும் பந்தயக் கிளட்ச் செட்டின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. அதே கார் கம்பெனியின் வேனில் தட்டை அழுத்துகிற பிரஷர் பிளேட் இதற்கு உட்காரும், உராய்ந்து பிடிக்கிற லைனிங்கைக் கொஞ்சம் கெட்டியாக வைத்த தட்டும் சேர்த்துப் போட்டால் போதும் என்று முனியாண்டி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

பரஞ்சோதி சிரித்தான். டர்போ காருக்கு வேன் கிளட்சா, வெளியே சொன்னால் மானம் போகும் என்றான். பினாங்குப் பக்கம் பந்தயம் ஓட்டுகிற ஒருவன் தன் பட்டன் கிளட்சைக் கழற்றி விற்கிறான், பாதி விலைக்கு வரும் என்று அவனே செய்தியும் சொன்னான். சாதாரணத் தட்டில் சுற்றிலும் லைனிங் இருக்கும். பட்டன் கிளட்சில் சில இடங்களில் மட்டும் செம்பு நிறக் கட்டிகள் பதித்திருக்கும். பிடித்தால் உடும்புப் பிடி. மலிவும் ஆச்சு, பந்தயச் சாமானும் ஆச்சு என்றதும் ஜெரார்டின் முகம் மலர்ந்துவிட்டது. டவுனுக்குள் ஊர்ந்து போகும்போது அது எப்படி இருக்கும் என்று ஜோசபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதெல்லாம் பழகிக்கொள்ளலாம் என்று பரஞ்சோதிதான் பதில் சொன்னான். அவனுக்குக் கார் லைசென்ஸே கிடையாது.

அடுத்த வாரமே பட்டன் கிளட்ச் ஏறிவிட்டது. அதைச் சோதித்த விதம்தான் விசேஷம். கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க வொர்க்‌ஷாப்காரர்கள் செய்வது இது: ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மேல் கியரில் போட்டு, எஞ்சினை முறுக்கிக்கொண்டே மிதியைச் சட்டென்று விடுவார்கள். வழுக்குகிற கிளட்சில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல கிளட்சில் அந்த நிமிஷமே செத்துவிடும். ஜெரார்ட் விட்டதும் எஞ்சின் துடிக்காமல் துள்ளாமல் செத்தது. மூன்று பேரும் கைதட்டினார்கள். எஞ்சின் செத்ததற்குச் சந்தோஷப்படுகிறவர்களை ஜோசபின் அன்றைக்குத்தான் பார்த்தாள். கொட்டகையிலிருந்து சாலைக்கு ஏறுவதற்குள் ஜெரார்டின் காலிலேயே அது இரண்டு தடவை செத்தது. பார்த்தாயா என்ன பிடி என்று அதற்கும் சிரித்தான்.

அந்த மிதியை அழுத்தவே தொடை வலித்தது. அழுத்தி விடும்போது நடுவில் ஒன்றுமே இல்லை. ஒன்று கார் பாயும், இல்லையென்றால் சாகும். தீப்பெட்டியை நசுக்காமல் ஏறக் கற்ற காலுக்கு அங்கே வேலையே இல்லை. எஞ்சினின் குரல் இறங்கும் இடத்தில் காரைப் பிடித்துவைக்கலாம் என்று பார்த்தால், அந்த இடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் நாள் காலையில் லயத்து வாசலில் கார் எகிறிய எகிறலில் ராக்காயியின் சாப்பாட்டுக் கேரியர் கவிழ்ந்தது. பாப்பம்மா தூங்குவதை விட்டுவிட்டுக் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு வந்தாள்.

டவுனுக்குள் நுழையுமுன் ரயில் பாதை ஒன்றைக் கடக்க வேண்டும். அந்த வாரத்தில் ஒரு காலை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்திருந்தது. லாரி தண்டவாளத்தைத் தாண்டி நன்றாக நகரும் வரை ஜோசபின் காத்திருந்துவிட்டுத்தான் காரை எடுத்தாள். பாதிப் பாதையில் கார் இருக்கும்போது லாரி வேகத்தைக் குறைத்தது. வேறு எந்தக் கிளட்சாக இருந்தாலும் அவள் லேசாக மிதித்து ஊர்ந்திருப்பாள். இது பாய்ந்தது. லாரியில் மோதாமல் இருக்க பிரேக்கை அழுத்தினாள். எஞ்சின் செத்தது, முன் சக்கரம் ஒரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம்.

சாவியைத் திருகினாள், பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள், இருமியது, பிடிக்கவில்லை. மணி அடிக்கத் தொடங்கியது. கேட்காரன் கையை ஆட்டிக்கொண்டு மலாயில் கத்தியபடி ஓடிவந்தான். ராக்காயி கதவைத் திறந்து குதித்து, இறங்குங்கடி, தள்ளுங்கடி என்றாள். ஜோசபின் கியரை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தானும் தோள் கொடுத்தாள். ஐந்து பெண்களும் கேட்காரனுமாகத் தள்ளிக் காரை ஓரம் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் சரக்கு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக அது போய்க்கொண்டே இருந்தது. பாப்பம்மா ஒற்றைச் செருப்போடு நின்று அழுதாள்.

ரயில் போய் கேட் திறந்ததும் அந்தப் பக்கம் நின்றிருந்த மோட்டார் சைக்கிள்கள் வந்தன. அதில் பரஞ்சோதியின் வண்டியும் ஒன்று, பின்னால் ஜெரார்ட். நடந்ததைக் கேட்டு அவன் முகம் வெளுத்தது உண்மை. ஓடிவந்து ஜோசபினின் கையைப் பிடித்துப் பார்த்ததும் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றிலும் கூட்டம் சேர்ந்திருந்தது. ராக்காயி அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, உள்ளதச் சொல்லு. கோளாறு காடியிலயா, ஓட்டுறவகிட்டயா?"

ஜெரார்ட் பரஞ்சோதியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"காடிக்கு ஒண்ணும் இல்லக்கா. கிளட்சு ஃபர்ஸ்ட் கிளாஸ் சாமான். இவளுக்குத்தான் இன்னும் கால் பழகல லா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பரஞ்சோதி பின்பாட்டுப் பாடினான். நாலு பேர் சிரித்தார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அது இதுதான்.

ஜோசபின் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணும் பதில் சொல்வாள். வீட்டுக்குள் புருஷனைக் கிழித்துத் தோரணம் கட்டலாம்; வெளி ஆட்கள் முன்னால் விட்டுக்கொடுக்கக்கூடாது. அம்மா சொல்லாமலே, பாதிரியார் சொல்லாமலே பெண்பிள்ளைக்கு ஏறிவிடுகிற பாடம் அது. ஜெரார்டின் காலிலேயே அந்தக் கிளட்ச் இரண்டு முறை செத்ததை அவள் பார்த்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நாலு பேர் முன்னால் அவன் தலை குனியும். அவன் தலை குனியக்கூடாது என்று தன் தலையைக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது நியாயம்.

அன்று மாலை ராக்காயி காரில் ஏறவில்லை. கோபமாகப் பேசவும் இல்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. "நாங்க புள்ள குட்டிக்காரிங்க தங்கச்சி. நீ நல்லா பழகிக்க, அப்புறம் பாப்போம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஓர் ஆளின் வேனை நோக்கி நடந்தாள். ஜோசபின் காலியான காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பத்து வருஷமாக ஓட்டுகிறவளைப் பார்த்துப் பழகிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வழி நெடுகிலும் அவள் அழவில்லை. பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

வீட்டில் கேட்டாள். கிளட்ச்தான் காரணம் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றான் ஜெரார்ட், கூச்சமே இல்லாமல். பட்டன் கிளட்ச் அப்படித்தான் இருக்கும், ஊர்ந்து போக லாயக்கில்லை, பந்தயத்துக்கு அதுதான் சரி என்று விளக்கமும் கொடுத்தான். அப்படியானால் என்னைச் சொல்லிச் சிரித்தது எதற்கு என்றாள். ஆட்கள் முன்னால் வேறு என்னத்தைச் சொல்வது, நாலு பேரிடம் கேட்டு நான் வாங்கிய சாமானை நானே மட்டம் என்று சொல்ல முடியுமா என்றான். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் காரை முனியாண்டியின் கொட்டகைக்கு ஓட்டிப்போனாள். வழியில் ஆறு இடத்தில் எஞ்சின் செத்தது. கியர்ப் பெட்டியை இறக்கி அந்தக் கிளட்சைக் கழற்றிக் கொடுங்கள் என்றாள். முனியாண்டி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நெளிந்தான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேனே அக்கா என்றான். காரின் பதிவுப் பத்திரமான கிராண்டில் யார் பெயர் இருக்கிறது என்று அவள் கேட்டாள். முனியாண்டி காருக்கு அடியில் பலகையைத் தள்ளிப் படுத்தான். அடியிலிருந்தபடியே, நான் அன்றைக்கே வேன் கிளட்ச் என்று சொன்னேன் என்று முணுமுணுத்தான்.

"சொன்னீங்க. பரஞ்சோதி சிரிச்சதும் வாயப் பொத்திக்கிட்டீங்க" என்றாள் ஜோசபின். சொன்ன பிறகு அந்த வார்த்தை தன்னையும் சேர்த்துத்தான் என்று உறைத்தது. அதனால் கோபம் கொஞ்சமும் குறையவில்லை, கூடியது.

கழற்றிய கிளட்சைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி புக்கிட் மெர்தாஜாம் போனாள். கிளட்ச் தட்டுகளுக்கு லைனிங் அடித்துக் கொடுக்கும் ஒரு சீனர் கடை அங்கே இருப்பதாக முனியாண்டி சொல்லியிருந்தான். கடைக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது விலையையும் இல்லை, எஞ்சினையும் இல்லை. "சியாப்பா பாவா?" என்றார். யார் ஓட்டுவது என்று. இத்தனை நாளில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. நான்தான் என்றாள். ஐந்து பெண்களை ஏற்றி இறக்குகிற கார், டவுன் நெரிசலில் போகிற கார், ரயில் பாதையைத் தாண்டுகிற கார் என்று மலாயில் கொட்டித் தீர்த்தாள். டர்போ என்பதையும் மறைக்கவில்லை.

அவர் மூன்று தட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள், விரலால் தடவினாள், எது எப்படிப் பிடிக்கும் என்று கேட்டாள். பிடியைக் கூட்டக் கூட்ட மிதி கனக்கும். மிதியை லேசாக்கினால் டர்போவுக்குத் தாங்காது. இரண்டும் வேண்டுமானால் பை கிழியும். கடைசியில் அவள் எடுத்தது, நடுவில் அதிர்வு தாங்கும் சுருள்வில்கள் வைத்து, சுற்றிலும் கெட்டி லைனிங் அடித்த முழுத்தட்டு. அதை அழுத்தும் பிரஷர் பிளேட், முனியாண்டி சொன்ன அதே வேனுடையது. டர்போவின் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும், பந்தயமெல்லாம் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார் கடைக்காரர். குறைத்துவிடலாம் என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். பட்டன் கிளட்சை அவர் விலையில் கழித்துக்கொண்டார். அதைத் தேடி அலைகிற பையன்கள் பினாங்கில் நிறையப் பேர் உண்டாம்.

முனியாண்டி அதைக் காரில் பூட்டி முடித்ததும், ஹேண்ட் பிரேக்கை இழுத்து எஞ்சினைச் சாகடிக்கிற சோதனையை அவனே செய்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான். ஜோசபினுக்கு அது போதவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி, கொட்டகையிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவில் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். கால் இறங்கியது, மெதுவாக எழுந்தது. எஞ்சினின் குரல் தாழ்ந்தது, கார் மூக்கைத் தூக்கியது. அந்த இடத்தில் காரைப் பிடித்துவைத்துக்கொண்டு வேண்டுமென்றே சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஏறினாள். தீப்பெட்டி நசுங்கவில்லை. முனியாண்டி அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்துச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டான்.

ஜெரார்ட் வீட்டில் குதித்தான். யாரைக் கேட்டு மாற்றினாய் என்றான். யாரையும் கேட்கவில்லை என்றாள். அவன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு ஒரு நாள் காரை எடுத்துக் கடைத்தெருவரை ஓட்டிவிட்டு வந்தவனின் முகம் தெளிந்திருந்தது. அதற்கப்புறம் அவன் செய்ததுதான் வேடிக்கை. வேன் பிளேட்டும் முழு லைனிங்கும்தான் ரோட்டுக் காருக்கு ஏற்றது, நான்தான் ஆராய்ந்து போடச் சொன்னேன் என்று ஃபேக்டரியிலும் காப்பிக்கடையிலும் சொல்லத் தொடங்கினான். பரஞ்சோதியும் ஆமாம் போட்டான். டர்போவும் இருக்கு, காடியும் பூனை மாதிரி போகுது, மூளை வேணும் லா என்று.

இதற்கிடையில் வேன்காரன் தோட்டத்துப் பெண்களைக் கருவாட்டுக் கூடையில் அடுக்குவது போல் அடுக்கி, வழியெல்லாம் வேண்டாத பேச்சுப் பேசிக்கொண்டு வந்தான். விஷயம் வீடுகளுக்கு எட்டினால் வேலைக்கே முழுக்குத்தான் என்று பயந்த ராக்காயி, ஒரு மாலையில் ஜோசபினின் வீட்டுக்கு வந்தாள். நாளைக் காலையில் வந்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஐந்து பேரும் ஏறினார்கள். லயத்து வாசலில் கார் அலுங்காமல் புறப்பட்டது. தோட்டத்து மண் சாலையில் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறியது, கேரியர்கள் சத்தம் போடவில்லை. முன்சீட்டில் இருந்த ராக்காயி பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டாள்.

"ஜெரார்டு தம்பி நல்ல கிளட்சாப் பார்த்துப் போட்டுக் குடுத்திருக்கு. நீயும் பழகிட்ட, பரவாயில்ல."

ஜோசபின் காரை ரப்பர் மரங்களின் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். ஆமாம் அக்கா என்று சொல்லிவிட்டு ஓட்டுவதுதான் வழக்கம். அந்த ஆமாம் அவள் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"பழகுறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. அன்னிக்கு ரயில் ரோட்டுல காடி செத்தது என் காலால இல்ல, அவரு வாங்கிப் போட்ட கிளட்சால. அது அவருக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் உங்க முன்னாடி என்னையச் சொன்னாரு. இந்தக் கிளட்சு நான் போய்ப் பார்த்து, நான் வாங்கினது."

பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் உன்னை அப்படிப் பேசியிருக்க மாட்டேனே என்றாள் ராக்காயி. தெரியும் அக்கா என்றாள் ஜோசபின். நேரமாகிறது, எடு என்றாள் ராக்காயி. ஜோசபின் எஞ்சினைக் கிளப்பினாள்.

தோட்டத்துப் பேச்சுக்குக் கிளட்சும் வேண்டாம், டர்போவும் வேண்டாம். சாயங்காலத்துக்குள் அது கையுறை ஃபேக்டரி ஸ்டோர்வரை போய்விட்டது. ஜெரார்ட் வீட்டுக்கு வந்தபோது ஜோசபின் அவனுக்கும் தனக்கும் சோறு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கை கழுவிவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை. அவன் குரலில் கோபத்தைவிட நம்ப முடியாமைதான் அதிகமாக இருந்தது.

"அஞ்சு பொம்பளைங்க முன்னாடி கட்டின புருஷன விட்டுக்குடுத்துட்டியே, ஜோசபின்."

ஜோசபின் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க என்னைய ரயில் ரோட்டுல விட்டுக்குடுத்தீங்க. நான் உங்கள மண் ரோட்டுலதான் விட்டுக்குடுத்தேன்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். ஜோசபின் தன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.